யாரைக் குற்றம் சொல்வது? டிபால் அணியும் டெவன் தெரு வாதங்களும்

சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் படித்த நாள்களைப் பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, வாபாஷ் தெருக் கட்டடத்தின் கணினிக் கூடங்களைப் பற்றியும் பேராசிரியர்களைப் பற்றியும் பிறர் எழுதிவிடுவார்கள் என்று எண்ணினேன். ஆகவே, சிகாகோவில் நம்மில் பலர் சேர்ந்து கழித்த மாலைகளில் பாதியை விழுங்கிய ஒரு வழக்கை எடுத்துக்கொண்டேன். நம் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி ஏன் ஓயாமல் தோற்கிறது, பழி பயிற்சியாளர் மீதா, வீரர்களைச் சேர்க்கும் முறை மீதா, அல்லது இரண்டையும் தீர்மானித்த மேலிடத்தின் மீதா என்பதே அந்த வழக்கு.

நான் சேர்ந்தது 2004ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில். அந்த ஆண்டு மார்ச்சில்தான் நம் அணி கல்லூரி அணிகளுக்கான என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டியில் ஆடி, டேட்டன் பல்கலைக்கழக அணியை இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின் வென்று, அடுத்த சுற்றில் கனெக்டிகட்டிடம் தோற்றிருந்தது. கோப்பையை வென்றதே கனெக்டிகட் என்பதால் அந்தத் தோல்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மூத்த மாணவர்கள் எங்களுக்கு விளக்கினார்கள். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். 2005 முதல் 2025 வரை ஒருமுறைகூட அந்த அணி அப்போட்டிக்குத் திரும்பவில்லை. நான் கால் வைத்த ராசி என்று நண்பர்கள் செய்த கேலிக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

தோல்வி புதிதாக இருந்தாலும் பெருமை பழையது. ரே மேயர் என்ற ஒரே மனிதர் 1942 முதல் 1984 வரை பயிற்சியாளராக இருந்து 724 ஆட்டங்களில் வென்றவர். ஜார்ஜ் மைக்கனை வைத்துக்கொண்டு 1945இல் என்.ஐ.டி. என்ற இன்னொரு தேசியப் போட்டியின் பட்டம் வாங்கியவர், 1979இல் அணியைத் தேசிய அரையிறுதிவரை கொண்டுபோனவர். மார்க் அக்வயர் ஆடிய காலத்தில் நாட்டின் முதல்தர அணிகளில் ஒன்றாக இருந்தோம். 1980, 1981, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேசியப் போட்டிக்கு முதல் தரவரிசையுடன் போய், மூன்று முறையும் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேயருக்குப் பின் அவர் மகன் ஜோயி 1997 வரை இருந்தார். ஆக, ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த அணி அது. நாங்கள் உடற்பயிற்சி செய்த கூடத்துக்கும், பார்த்த அரங்கின் ஆடுதளத்துக்கும் ரே மேயர் பெயர்தான். 2006 மார்ச்சில் அவர் தமது 92ஆம் வயதில் காலமானபோது, கூடைப்பந்தே தெரியாத தமிழ் மாணவர்கள்கூட வளாகத்தில் நிலவிய துக்கத்தைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

எங்கள் வாதங்கள் பெரும்பாலும் டெவன் தெருவுக்கு அருகே நால்வர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் சமையலறையில், ஞாயிற்றுக்கிழமை சாம்பார் கொதிக்கும் நேரத்தில் நடக்கும். அங்கே இரண்டு கட்சிகள் இருந்தன. ஆட்டத்தின் ஒவ்வொரு நொடியையும் பிரித்து மேய்ந்து, அந்த நேரத்தில் டைம் அவுட் கேட்டிருக்க வேண்டும், ஆளுக்கு ஓர் இடத்தைக் காக்கும் மண்டலத் தடுப்புக்கு மாறியிருக்க வேண்டும் என்று சொல்லும் மதுரைக்கார நண்பர் பயிற்சியாளர் கட்சி. யாழ்ப்பாணத்திலிருந்து 1984இல் வந்து, பகலில் வேலையும் மாலையில் டிபால் வகுப்புமாகப் பட்டம் பெற்று, எங்களுக்கெல்லாம் வீட்டுச் சாப்பாடு போட்ட அண்ணன் சேர்க்கைக் கட்சி. “தம்பி, கரும்பலகையில கோடு போட்டு ஆட்டம் வெல்லேலாது. பிள்ளையளின்ர வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனோட கதைக்கத் தெரிஞ்ச ஆள்தான் இதுக்குத் தேவை” என்பார். நான் இரண்டுக்கும் நடுவில் கரண்டியோடு நின்றவன்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அண்ணன் சொன்னது எவ்வளவு உண்மை என்பது, அதற்குள் கொஞ்சம் புகுந்து பார்த்தவர்களுக்கு விளங்கும். அந்தக் காலத்தில் ஓர் அணிக்குப் பதின்மூன்று உதவித்தொகை இடங்கள்தான். ஒரு பையனின் முடிவு அவன் பதினேழு வயதை எட்டும் முன்பே, கோடைக்காலப் போட்டிகளில் அவனைக் கூட்டிப்போகும் கிளப் பயிற்சியாளர், பள்ளிப் பயிற்சியாளர், தாய், மாமன் என்று பலர் சேர்ந்து எடுக்கும் முடிவாகிவிடும். அவர்கள் எல்லோரோடும் ஆண்டுக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். சிகாகோவோ அந்த நாட்டிலேயே கூடைப்பந்து செழித்து விளையும் ஊர்களில் ஒன்று. பட்டியலைச் சொன்னால் வயிறு எரியும். ட்வெய்ன் வேட் மில்வாக்கியின் மார்க்கெட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். டெரிக் ரோஸ் மெம்பிஸுக்குப் போனார். ஜபாரி பார்க்கரும் ஜலீல் ஒகஃபோரும் டியூக்குக்குப் போனார்கள். ஆந்தனி டேவிஸ் விஷயத்தில் இறுதிப் பட்டியலில் நம் பெயரும் இருந்தது. அவர் கென்டக்கிக்குப் போய், முதல் ஆண்டிலேயே பட்டம் வென்று கொடுத்தார். அண்ணன் இந்தப் பெயர்களை அடுக்கும்போது குரல் உயரும்.

ஆனால் அந்தப் பட்டியலை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது என்பதே என் கருத்து. ரோஸையும் டேவிஸையும் நாடே துரத்தியது. அவர்களை இழந்தது நாம் மட்டுமல்ல. நம்மை வீழ்த்தியது இரண்டாம் வரிசை. பெரிய கல்லூரிகள் திரும்பிப் பார்க்காத, ஆனால் நான்கு ஆண்டுகள் தங்கி வளரக்கூடிய உள்ளூர்ப் பையன்களைத்தான் நாம் சேர்த்திருக்க வேண்டும். 1998இல் பயிற்சியாளர் பாட் கென்னடி காலத்தில் க்வென்டின் ரிச்சர்ட்ஸன், பாபி சிம்மன்ஸ், லான்ஸ் வில்லியம்ஸ் என்று மூன்று சிகாகோ இளைஞர்கள் ஒன்றாக வந்தார்கள். இரண்டே ஆண்டில் அணி தேசியப் போட்டிக்குப் போனது. வழி தெரியாமல் இல்லை. மேக்ஸ் ஸ்ட்ரூஸ் கதை இன்னும் நல்ல சாட்சி. சிகாகோவின் தென்மேற்குப் புறநகரில் பிறந்து வளர்ந்த அவரை முதல் தரக் கல்லூரிகள் கண்டுகொள்ளவில்லை. அருகிலேயே இருக்கும் லூயிஸ் என்ற இரண்டாம் தரப் பிரிவுக் கல்லூரியில் ஆடிவிட்டு, பிறகு மாறி நம்மிடம் வந்தார். 2023இல் மயாமி அணியோடு தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் இறுதிச் சுற்றில் ஆடினார். அவர் முதலிலேயே நம்மிடம் வராமல் போனது பயிற்சியாளரின் கரும்பலகைக் கோட்டால் அல்ல.

பயிற்சியாளர் கட்சிக்கும் நியாயம் இருந்தது. நான் சேர்ந்தபோது பயிற்சியாளராக இருந்த டேவ் லேட்டாவோ 2005இல் வர்ஜீனியாவுக்குப் போனதும் ஜெர்ரி வெய்ன்ரைட் வந்தார். அதே ஆண்டு நாம் பிக் ஈஸ்ட் என்ற கல்லூரி லீக்கில் சேர்ந்தோம். பணமும் தொலைக்காட்சி வெளிச்சமும் வந்தன. கூடவே கனெக்டிகட், சிரக்யூஸ், ஜார்ஜ்டவுன், லூயிவில் என்று ஆண்டு முழுவதும் மலைகளோடு மோத வேண்டி வந்தது. 2006 டிசம்பரில் கான்ஸஸை நாம் வீழ்த்திய இரவு, ரயிலில் திரும்பும்போது முன்பின் தெரியாதவர்கள் எங்களைக் கட்டிப்பிடித்தார்கள். அணியின் முன்னணி வீரர் வில்சன் சாண்ட்லர் அந்த ஆண்டோடு என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் சரிவுதான். 2008-09 பருவத்தில் லீக் ஆட்டங்கள் பதினெட்டிலும் தோற்றோம்.

அந்தக் குளிர்காலத்து ஆட்டமொன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரங்கம் வளாகத்தில் இல்லை. ஓஹேர் விமான நிலையத்தை ஒட்டிய ரோஸ்மாண்ட்டில், சுமார் பதினைந்து மைல் தள்ளி இருந்தது. ஃபுல்லர்டன் நிலையத்தில் ஏறி, நகரத்துக்குள் போய், நீலப் பாதைக்கு மாறி, இறங்கி மீண்டும் பேருந்து பிடிக்க வேண்டும். பதினேழாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அந்தக் கொட்டகையில் மேல் அடுக்கு முழுவதும் காலி. பதினைந்தாவது வரிசையில் இருந்த எங்களுக்கு வீரர்களின் காலணி தரையில் கீச்சிடுவதும், பெஞ்சில் இருந்தவர் தடுப்பாட்டத்துக்குக் குரல் கொடுப்பதும், நடுவர் பந்தை வாங்கிக்கொண்டு ‘இந்தப் பக்கம்’ என்று சொல்வதும் தெளிவாகக் கேட்டன. மார்க்கெட் அணி ஆட வந்தால் நிலைமை வேறு. மில்வாக்கியிலிருந்து காரோட்டி வந்தவர்கள் தம் அணியின் நிறத்தால் கீழ்த்தளத்தை மஞ்சளாக்கிவிடுவார்கள். நம் பெஞ்சுக்குப் பின்னால் விருந்தினராக உட்காரவைக்கப்படும் பள்ளி மாணவன் அந்த மஞ்சளைத்தான் பார்ப்பான். சேர்க்கையும் அரங்கமும் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் என்று பேசியவர்களோடு எனக்கு அன்று முதல் ஒத்துப்போகவில்லை. 2017இல் நகருக்குள், மெக்கார்மிக் பிளேஸ் அருகே வின்ட்ரஸ்ட் அரங்கம் திறந்தபோது காலம் கடந்திருந்தது; வென்று பழகிய அணிக்குக் கிடைத்திருந்தால் அது ஒரு சொத்தாகியிருக்கும்.

வெய்ன்ரைட்டை 2010 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே நீக்கினார்கள். கிளெம்சனிலிருந்து ஆலிவர் பர்னெல் வந்து ஐந்து ஆண்டுகள் இருந்தார். கிழக்குக் கடற்கரையில் வேர் கொண்ட அவருக்கு சிகாகோப் பள்ளிகளின் கதவு திறக்கவில்லை என்பது அண்ணனின் தீர்ப்பு. 2015இல் லேட்டாவோவையே திரும்ப அழைத்து வந்தார்கள். மதுரைக்காரர் அன்று எனக்குத் தொலைபேசியில் சொன்னது அச்சில் ஏற்றத்தக்கதல்ல. 2019இல் சேர்க்கை விதிமீறல் ஒன்றைக் கவனிக்கத் தவறியதற்காக லேட்டாவோவுக்கு மூன்று ஆட்டத் தடை வந்தது. அந்தப் பருவம் பன்னிரண்டு வெற்றி, ஒரு தோல்வி என்று தொடங்கி, லீக்கில் மூன்றே வெற்றிகளோடு முடிந்தது. அடுத்து டோனி ஸ்டப்பில்ஃபீல்ட். அவரையும் 2024 ஜனவரியில், பருவத்தின் நடுவில் நீக்கினார்கள். மொத்தத்தில் அந்தப் பருவம் மூன்று வெற்றி, இருபத்தொன்பது தோல்வி. லீக்கில் இருபதுக்கு இருபதும் தோல்வி. 1997க்குப் பின் லேட்டாவோவை இருமுறை எண்ணினால் ஏழு நியமனங்கள். ஒவ்வொரு முறையும் புதியவர் முந்தையவரின் சேர்க்கையைக் கலைத்துவிட்டு, தம் பழைய ஊர்களின் தொடர்புகளை வைத்துத் தொடங்குவார். அவை கனியும் முன் அவரும் போய்விடுவார். கரும்பலகை, சேர்க்கை என்று நாங்கள் கட்சி பிரிந்து கத்தியபோது, இரண்டையும் அறுத்துக்கொண்டிருந்தது இந்த அவசரம்தான் என்பது என் முடிவு.

இந்த முடிவுக்கு வர எனக்கு வெளியூர் உதாரணம் தேவைப்படவில்லை. ஃபுல்லர்டன் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், வளாகத்துக்குள்ளேயே இருந்த சிறிய மெக்ராத் அரங்கில் நம் பெண்கள் அணி ஆடியது. ரே மேயரிடம் வீரராக ஆடிய டக் புரூனோ, 1988 முதல் 2024 வரை அதன் பயிற்சியாளர். அதே பல்கலைக்கழகம், அதே லீக், அதே விளையாட்டுத் துறைத் தலைமை. ஆனால் 2003 முதல் 2019 வரை ஓர் ஆண்டு தவறாமல் தேசியப் போட்டி. நான் படித்த காலத்தில் அங்கே ஆடிய ஆலி க்விக்லி பக்கத்து ஊரான ஜோலியட்டைச் சேர்ந்தவர். 2021இல் சிகாகோ ஸ்கை அணியோடு பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் பட்டம் வென்றார். ஆண்கள் அணியைப் பற்றி மூன்று மணி நேரம் அலசிய நாங்கள், நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் இருந்த இந்த வெற்றியைப் பார்க்கப் போனது அபூர்வம். அண்ணனின் மனைவி மட்டும் ஒழுங்காகப் போவார். “வெல்லுறதைப் பார்க்கப் பழகுங்கோ” என்று எங்களிடம் சொல்வார்.

2018இல் வந்த அடி வேறு வகை. ஃபுல்லர்டனில் நிற்கும் அதே சிவப்புப் பாதை ரயிலில் வடக்கே பல நிலையங்கள் தள்ளி இருக்கும் லயோலா பல்கலைக்கழகம், நம்மைவிடச் சிறிய லீக்கில் ஆடும் லயோலா, தேசிய அரையிறுதிக்குப் போனது. அந்த அணியில் சிமியன் பள்ளியின் டான்டே இங்ரமும், விட்னி யங் பள்ளியின் லூகஸ் வில்லியம்சனும் இருந்தார்கள். இருவரும் சிகாகோப் பையன்கள். அப்போது நான் சென்னைக்குத் திரும்பியிருந்தேன். அண்ணனை அழைத்தபோது அவர் வெகு நேரம் லயோலாவைப் பாராட்டிவிட்டு, கடைசியில்தான் நம்மைத் திட்டினார்.

இப்போது பயிற்சியாளர் கிறிஸ் ஹோல்ட்மனின் காலம். 2023 ஜனவரியில் ஸேவியரை வென்ற பிறகு லீக்கின் பருவ ஆட்டங்களில் ஒரு வெற்றியும் காணாத அணி, இரண்டு ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில் ஜார்ஜ்டவுனை வென்றது. அன்று காலை சிங்கப்பூர், டொராண்டோ, கொழும்பு நண்பர்கள் எல்லோரிடமிருந்தும் அழைப்பு. விதிகளும் மாறிவிட்டன. 2021 முதல் வீரர்கள் காத்திருப்பு ஆண்டு இல்லாமல் கல்லூரி மாறலாம், தம் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம். ஆகவே நான்கு ஆண்டுகள் வளர்ப்பது என்ற என் வாதம் செத்துவிட்டது என்று மதுரைக்காரர் சொல்கிறார். ஒவ்வோர் ஆண்டும் புதிய அணியை வாங்கிக் கட்ட வேண்டிய நிலையில், ஆடுதளத்தில் அவர்களை ஒன்றுசேர்க்கும் பயிற்சியாளரே எல்லாம் என்பது அவர் கட்சி. அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கும் போகக்கூடிய பையன் திரும்பி வர விரும்பும் இடம் பெரும்பாலும் சொந்த ஊர்தான். வேறு கல்லூரியில் ஓராண்டு ஆடிவிட்டு வீட்டுக்கு அருகே வர நினைக்கும் சிகாகோ இளைஞனின் தாயிடம் நம் தொலைபேசி எண் இருக்கிறதா என்பதே கேள்வி. ஹோல்ட்மனுக்கு ஆறு ஆண்டுகளாவது முழுதாகத் தர வேண்டும் என்பது என் கோரிக்கை. மூன்றே போதும் என்கிறார் மதுரைக்காரர். தொகையைச் சொன்னால் மட்டும் போதும், ஆண்டுக்கணக்கு வேண்டாம் என்கிறார் டொராண்டோ நண்பர்.

இந்த மலர் உங்கள் கைக்கு வருவதற்குள் புதிய பருவத்தின் வீரர் பட்டியல் வந்திருக்கும். நான் அதில் சிகாகோ, ஜோலியட், ஆரோரா என்று சொந்த ஊர் போட்ட பெயர்களை எண்ணிக்கொண்டிருப்பேன். மதுரைக்காரர் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருப்பார்.