சீரியல் நின்ற வாரம்

ஜூன் 7, சனி

இரவு 8 மணிக்கு டிவி கண்ணை மூடிக்கொண்டது. சத்தம் மட்டும் வருகிறது. 32 இன்ச் எல்இடி, வாங்கி ஆறு வருஷம். அம்மா சீரியலை ரேடியோ மாதிரி காதாலேயே கேட்டு முடித்தார். "கதை புரிஞ்சுதுடா, அழுவுறது யாருன்னுதான் தெரியல."

தெருமுனை மெக்கானிக் போனிலேயே "பேனல் போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க" என்றார். பார்க்காமலே சொன்னதுதான் உறுத்தியது. ரூம் லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரையருகே சாய்த்து அடித்தேன். மங்கலாக உருவங்கள் நடமாடின. அப்படியென்றால் படம் காட்டும் பேனல் வேலை செய்கிறது, அதன் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத்தான் கழற்றினேன். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது 325 வோல்ட் வரை போகும், பெரிய கெபாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைத்தேன். தண்டையார்பேட்டை கடல் காற்றுக்கு ஸ்க்ரூ பாதி துரு.

திரைக் கண்ணாடியைத் தூக்க மச்சானைக் கூப்பிட்டேன். அதன் ஓரத்தில் ரிப்பன் பட்டைகள் தொங்குகின்றன. ஒன்று கிழிந்தாலும் மெக்கானிக் சொன்னது பலித்துவிடும். "மூச்சு விடலாமா மாமா?" என்றான். பாய் மேல் வைக்கும்வரை நானும் விடவில்லை.

அடியில் அலுமினியப் பட்டைகளில் எல்இடிகள். கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரியேதான்: ஒன்று அவுட்டானால் மொத்த வரிசையும் அணைந்துவிடும். 9 வோல்ட் பேட்டரியோடு ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஒன்று மட்டும் எரியவில்லை, அதன் நடுவில் கருப்புப் புள்ளி. இத்தனூண்டு சாமானுக்கா இவ்வளவு பாடு!

ஜூன் 10, செவ்வாய்

வேலை முடிந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு. பழைய பட்டையைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. ஒரே நீளத்தில் 3 வோல்ட்டும் இருக்கிறது, 6 வோல்ட்டும் இருக்கிறது. கடைக்காரர், "ஒண்ண மாத்துனா அடுத்த மாசம் பக்கத்துது போகும், செட்டா மாத்துங்க" என்றார். வியாபாரப் பேச்சு என்றாலும் நியாயமாகப்பட்டது. 350 ரூபாய்.

ஜூன் 14, சனி

பட்டைகளை மாற்றினேன். எல்இடிக்கும் திரைக்கும் நடுவே வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளை ஷீட்டுகள் எந்த வரிசையில் இருந்தன என்று படம் எடுத்து வைக்கவில்லை, மடையன். முதல் தடவை மாற்றிப் போட்டு, மறுபடி பிரித்து அடுக்கினேன். மாலை 6 மணிக்கு வெளிச்சம் வந்தது. செட்டிங்கில் பேக்லைட் 100-ல் இருந்தது, 60 ஆக்கினேன். சூடு குறைந்தால் எல்இடி கூடுதல் நாள் தாங்கும்.

ஜூன் 15, ஞாயிறு

திரையில், நடுவுக்குச் சற்று மேலே, ஒரு வெள்ளைப் பொட்டு. எல்இடி மேல் ஒட்டியிருக்கும் குட்டி லென்ஸ் ஒன்று நான் மாட்டும்போது உதிர்ந்திருக்க வேண்டும். காலையில் பெருக்கும்போது பாயடியில் கிடைத்தது. மறுபடி கழற்றி ஒட்டலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

"சீரியல் மாமியாருக்கு அது நெத்தில சரியா உக்காருதுடா, வுட்டுடு" என்றார் அம்மா.

லென்ஸைத் தீப்பெட்டியில் போட்டு டிவி மேல் வைத்திருக்கிறேன்.