சாரும் நானும் டகோட்டாவும்

திருவல்லிக்கேணி பைக்ராப்ட்ஸ் ரோட்டுல பிளாட்பாரத்துல பழைய புக் விக்கிற அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. 2001ல நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு, சேலையூர்ல வீடு, ஞாயித்துக்கிழமை ஆனா ட்ரெயின் புடிச்சு அங்க போயிடுவேன். பழைய ஏரோப்ளேன் மேகசின் ஏதாவது இருக்கான்னு கேட்டா எப்பவும் ஒரே பதில்தான், "இருந்துச்சு தம்பி, ஏர்போர்ஸ் சார் எடுத்துட்டுப் போயிட்டாரு". நாலு வாரம் இதையே கேட்டுட்டு அஞ்சாவது வாரம் கடை தொறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னேன். எனக்கு முன்னாடியே அங்க ஒருத்தர் நின்னுட்டு இருந்தாரு. நெட்டையா, ஒல்லியா, சட்டைய இன் பண்ணி, கையில மஞ்சப் பை. கடைக்கார அண்ணன் சிரிச்சுட்டே, "சார், நீங்க அள்ளிட்டுப் போறதையெல்லாம் கேட்டு வர்ற பையன் இவன்தான்"னாரு.

அவரு என்னய மேலயும் கீழயும் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "டகோட்டாவுக்கு எத்தன பிளக்கு?"

டகோட்டான்னா ரெண்டு என்ஜின் வச்ச பழைய ப்ரொப்பல்லர் விமானம், அவரு கேட்டது அதோட ஸ்பார்க் பிளக் கணக்கு. எனக்குத் தெரியல. ரெக்கை 95 அடின்னு தெரியும், 1935 டிசம்பர் 17ல மொதல்ல பறந்துச்சுன்னு தெரியும், ரைட் பிரதர்ஸ் பறந்த அதே தேதின்னும் தெரியும், எல்லாத்தையும் மூச்சு விடாம சொன்னேன், ஆனா பிளக் கணக்கு தெரியல. "ஒரு என்ஜினுக்கு 14 சிலிண்டர், சிலிண்டருக்கு ரெண்டு பிளக்கு, ரெண்டு என்ஜினுக்கு 56. படிச்சுட்டு அடுத்த வாரம் கொண்டா"ன்னு கையில இருந்த மேகசின்ல பாதிய எங்கிட்ட குடுத்தாரு. அப்ப ஆரம்பிச்சதுதான், அவரு பாதி நான் பாதி, அடுத்த ஞாயிறு மாத்திக்கறது. 23 வருஷம் ஓடிடுச்சு, இன்னிக்கும் அவரு எனக்கு சார்தான், நான் அவருக்கு தம்பிதான்.

சாருக்கு சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம். 1964ல பதினெட்டு வயசுல ஏர்போர்ஸ்ல சேர்ந்து, தாம்பரத்துல ட்ரெய்னிங் முடிச்சு என்ஜின் ஃபிட்டர் ஆனவரு. பாதி சர்வீஸ் அசாம்ல ஜோர்ஹாட்ல, டகோட்டா கூடவே. நான் சேலையூர்ல தலைக்கு மேல கிரண் விமானம் வட்டமடிக்கறதப் பாத்தே வளர்ந்தவன், எனக்கு விமானம்னா கண்ணால பாக்கற விஷயம், மூக்கு எப்படி வளைஞ்சிருக்கு, வாலு எப்படி நிக்குது, இதுதான். சாருக்கு அது கையால தொடற விஷயம். நான் படத்தக் காட்டி எவ்ளோ அழகு பாருங்க சார்னா, அவரு அந்தப் படத்துலயே என்ஜினுக்குக் கீழ கறுப்பா வழிஞ்சிருக்கற ஆயிலைத் தொட்டுக் காட்டி "இதத் தொடைச்சவன் எங்க நிக்கான் பாக்கியா?"ம்பாரு. படத்தோட ஓரத்துல, நிழல்ல, நிஜமாவே ஒருத்தன் துணியோட நிப்பான். அதுக்கு முன்னாடி எத்தன தடவ அந்தப் படத்தப் பாத்திருப்பேன், அந்த ஆளு என் கண்ணுல பட்டதே இல்ல.

டகோட்டா என்ஜின் வட்டமா இருக்கும், தேர் சக்கரத்துல ஆரக்கால் இருக்கற மாதிரி சுத்தியும் சிலிண்டர். ராத்திரி பூரா நின்னா ஆயில் மெதுவா எறங்கி கீழ இருக்கற சிலிண்டருக்குள்ள தேங்கிடும். அது தெரியாம காலையில ஸ்டார்ட் பண்ணா பிஸ்டன் மேல வரும்போது ஆயில அமுக்கப் பாக்கும், ஆயில் அமுங்காதே, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும், என்ஜின் போச்சு. அதனால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ப்ரொப்பல்லர கையாலயே சுத்தணும், பத்து பன்னெண்டு பிளேடு எண்ணி எண்ணி. நடுவுல எங்கயாவது கை தடுத்துச்சுன்னா பலம் குடுக்கவே கூடாது, நிறுத்திட்டு கீழ் சிலிண்டரோட பிளக்கக் கழட்டி ஆயில வடிக்கணும். சார் இதச் சொல்லும்போது எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் தூக்கி, இல்லாத பிளேட புடிச்சு இழுத்துக் காட்டுவாரு. ஒரு எடத்துல கை டக்குனு நிக்கும். "இதான். இந்த இடம் கைக்குத் தெரியணும்"பாரு.

ஜோர்ஹாட் கதையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா விடிஞ்சுரும். ரோடே இல்லாத மலையில இருக்கற ராணுவ போஸ்டுக்கு அரிசி, ஆட்டா, உப்பு எல்லாம் டகோட்டாவுல இருந்துதான் கீழ விழும். பாராசூட் இல்லாமப் போடற மூட்டைக்கு ரெட்டைச் சாக்கு, உள் சாக்கு கிழிஞ்சாலும் வெளிச் சாக்கு தாங்கும். காலையில போற விமானம் சாயங்காலம் திரும்பி வர்ற வரைக்கும் சாரும் கூட இருந்தவங்களும் வானத்தையே பாத்துட்டு இருப்பாங்களாம். டீ வந்தா கூட யாரும் பேச மாட்டாங்களாம், சத்தம் கேக்கணும்ல.

எங்க ரெண்டு பேருக்கும் பெரிய சண்ட வந்தது கோவாவுல. 2009ல தாபோலிம் கடற்படை விமான மியூசியம் பாக்கப் போனோம். அங்க சூப்பர் கான்ஸ்டலேஷன்னு பழைய பயணிகள் விமானம் ஒண்ணு நிக்குது, ஒரு காலத்துல ஏர் இந்தியாவுல 'ராணி ஆஃப் எல்லோரா'ன்னு பேரு வச்சுப் பறந்தது, அப்புறம் ஏர்போர்ஸ், அப்புறம் நேவின்னு போய், 1983ல ரிட்டயர் ஆச்சு. மூணு வாலு, மீன் மாதிரி வளைஞ்ச உடம்பு. நான் அதப் பாத்து அப்படியே நின்னுட்டேன், மனுசன் செஞ்சதுலயே இதவிட அழகான விமானம் கிடையாதுன்னு சொன்னேன், இப்பவும் அதையேதான் சொல்லுவேன். சார் அதச் சுத்தி வந்தாரு, நாலு என்ஜினையும் அண்ணாந்து பாத்தாரு. "தம்பி, ஒண்ணுக்கு 18 சிலிண்டரு. நாலு என்ஜினுக்கு 144 பிளக்கு. 56 மாத்தவே எங்களுக்கு முதுகு போயிரும். இத அழகுன்னு சொல்லுத, இத வச்சுக் கஷ்டப்பட்டவன நினைச்சியா?" நான் விடல. அழகுக்கும் பிளக்குக்கும் என்ன சார் சம்பந்தம், ராணின்னா நாலு பேரு வேலை செய்யத்தான் வேணும்னு ஏதோ சொல்லிட்டேன். அவரு முகம் மாறிடுச்சு. "அந்த நாலு பேருல ஒருத்தன்டா நான்." அவ்ளோதான் சொன்னாரு. டேசன்ல, ட்ரெயின்ல எதுவும் பேசல. மறுநாள் காலையில டிபன் பொட்டலத்தப் பிரிச்சு எனக்கு ஒரு இட்லி வச்சுட்டு, "மூணு வாலு நல்லாத்தான் இருக்கு"ன்னாரு.

அப்பா தவறின வருஷம் எனக்கு எதுலயும் மனசு போகல, ஞாயித்துக்கிழமை வெளிய போறதையே நிறுத்திட்டேன். சார் குரோம்பேட்டையில இருந்து பஸ்ஸுல வந்துடுவாரு, மேகசின டேபிள்ல வச்சுட்டு அப்பாவப் பத்தி ஒரு வார்த்த பேசாம வாசல்ல உக்காந்து அப்பாவோட டிவிஎஸ் 50ய நோண்டிட்டு இருப்பாரு. செயின டைட் பண்ணாரு, பிளக்கத் தொடைச்சாரு. ஒரு நாள் நம்பர் பிளேட் போல்ட்டுக்கு லாக் வயர் போட்டாரு. விமானத்துல ஆட்டத்துக்கு போல்ட்டு கழண்டுடக் கூடாதுன்னு மெல்லிசு கம்பிய ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல முறுக்கிக் கட்டுவாங்க, ஒண்ணு கழள நினைச்சா அந்தக் கம்பி அத டைட் பக்கமாவே இழுக்கற மாதிரி. அந்த முறுக்கு அவ்ளோ சீரா, பின்னல் போட்ட மாதிரி இருந்துச்சு. வண்டி இப்ப ஓடல, ஆனா விக்கல. அந்தக் கம்பி துரு கூட புடிக்காம அப்படியே இருக்கு.

2018 ஏப்ரல்ல இங்கிலாந்துல சரி பண்ண டகோட்டா ஒண்ணு பறந்தே இந்தியா வந்து சேந்துச்சுல்ல, பரசுராமான்னு பேரு வச்சு, வி.பி. 905ன்னு நம்பர் எழுதி, அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு சார் போன் பண்ணாரு. 1947 அக்டோபர் 27ல சீக்கியப் படைய ஸ்ரீநகர்ல கொண்டு போய் எறக்கின டகோட்டா நம்பர் அது. அதே விமானம் இல்லையே சார்னு கேட்டேன். "தாத்தா பேர பேரனுக்கு வைக்கோம்ல, அது மாதிரிதான்"னாரு.

2023ல புவனேஸ்வர் போனோம். ஒடிசாவுல முதலமைச்சரா இருந்த பிஜு பட்நாயக்கோட டகோட்டா ரொம்ப வருஷமா கொல்கத்தா ஏர்போர்ட்டு ஓரத்துல கேட்பாரில்லாமக் கெடந்துச்சு, அதப் பிரிச்சு லாரியில ஏத்திக் கொண்டு வந்து புவனேஸ்வர் ஏர்போர்ட்டுக்கிட்ட நிறுத்தியிருக்காங்க. 1947ல இந்தோனேஷியாவுக்கே பறந்து போய் அந்த நாட்டோட மொத பிரதமரா இருந்த சுதான் ஷாரிர கூட்டிட்டு வந்த மனுசன் பிஜு பட்நாயக். சாருக்கு அப்ப 77 வயசு, ட்ரெயின்ல போற வழி பூரா கால் வலி. ஆனா விமானத்தப் பாத்ததும் என் கைய விட்டுட்டு அவரு பாட்டுக்கு நடந்தாரு.

அடுத்த வருஷம், 2024 அக்டோபர் 6, மெரினாவுல ஏர் ஷோ. அதுவும் ஞாயித்துக்கிழமைதான். மணல்ல நிக்க அவரால ஆகாது, அதனால சாந்தோம்ல எங்க மாமா வீட்டு மொட்ட மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன், வாட்டர் டேங்க் நிழல்ல சேர் போட்டேன். (அன்னிக்கு வெயில்ல, கூட்டத்துல மாட்டி அஞ்சு பேரு உயிர் போனது சாயங்காலம் தெரிஞ்சப்ப ரெண்டு பேராலயும் சாப்பிட முடியல.) சாருக்குக் காது போயி ரொம்ப நாளாச்சு. என்ஜின் பக்கத்துலயே நின்ன வேலை, மெஷின் போட்டாலும் பேத்தி பேசறது சரியா விழாது, கீச்சுக் குரல் எதுவுமே விழாது. ரஃபேல் போனப்ப மட்டும் முகத்தச் சுளிச்சாரு, "இது வெறும் இரைச்சல்"னாரு. அப்புறம் திடீர்னு காதுல இருந்த மெஷினக் கழட்டி என் கையில குடுத்தாரு.

நான் வானத்தப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. எனக்கு எதுவும் கேக்கவும் இல்ல, கீழ தெருவுல ஒரே சத்தம். சார் கண்ண மூடிட்டு சேர் கைப்பிடியில விரலால மெதுவா தட்டிட்டு இருந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எனக்கு வந்துச்சு, தூரத்துல ஒரு கனமான முழக்கம், அப்புறம் கடல் மேல ரொம்ப மெதுவா, அவசரமே இல்லாம டகோட்டா. "சார், வந்துடுச்சு, கண்ணத் தொறங்க"ன்னு தோளத் தொட்டேன். அவரு தொறக்கல.

"ரெண்டும் ஒண்ணா ஓடுது. எவனோ நல்ல பய பாத்துக்கிடுதான்"னாரு.

நான் மெஷின இறுக்கிப் புடிச்சுட்டு அவருக்கும் சேர்த்துப் பாத்துட்டு இருந்தேன், அது கண்ணுல இருந்து மறையற வரைக்கும். அதுக்கப்புறமும் அவரு விரல் ரொம்ப நேரம் தட்டிட்டே இருந்துச்சு.