மாத்திரையும் மாதக் கடைசியும்

ஜூன் 9, 2025, திங்கள்

சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்துவிட்டது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, நிக்ஷய் எண் (அரசின் டி.பி. நோயாளிப் பதிவு எண்) போட்டு, மாத்திரை அட்டைகளைக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். எடை 48 கிலோ, அதனால் தினம் மூன்று மாத்திரை, வெறும் வயிற்றில். ஒரே மாத்திரைக்குள் நாலு மருந்து. இரண்டு மாதம் இப்படி, பிறகு நாலு மாதம் மூன்று மருந்து. காசு கிடையாது, சத்தான சாப்பாட்டுக்கென்று மாதம் 1000 ரூபாய் கணக்கில் அவர்களே போடுவார்களாம். அத்தை, அவர், பாப்பா மூவரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள்.

"வேலைக்கு எப்போ போகலாம் டாக்டர்?"

"ரெண்டு வாரம் போகட்டும்மா. மாத்திரையை விடாம போட்டா பெரும்பாலும் அதுக்குள்ள பரவுறது அடங்கிடும்."

நான் வேலை பார்ப்பது ஆடிட்டர் ஆபீஸில். நாளை மறுநாள் 11ஆம் தேதி. கிளையண்டுகளின் மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 ஏற்றக் கடைசி நாள். டாக்டருக்கு இதெல்லாம் எப்படிப் புரிய வைப்பது?

ஜூன் 11, புதன்

வீட்டிலிருந்தே எல்லாம் தயார் செய்துவிட்டேன். ஆனால் கம்பெனி கிளையண்டுகளின் டிஎஸ்சி டோக்கன்கள் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி) தி.நகரில், ஆபீஸ் பீரோவில். அதைச் செருகாமல் ஃபைலிங் முடியாது. சி.ஏ. பயிற்சிக்கு வந்திருக்கும் ஆர்ட்டிகிள் பையனைப் போனில் பிடித்து உட்கார வைத்தேன்.

"அக்கா, பாஸ்வேர்டு தப்புன்னு வருது."

"கேப்ஸ் லாக் பாருப்பா."

"ஆமாக்கா."

நடுவில் போர்ட்டல் தொங்கியது. 11ஆம் தேதி என்றால் அது தொங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். குமட்டிக்கொண்டு வந்தபோது மட்டும் போனை மேஜையில் வைத்துவிட்டுப் போய் வந்தேன். ஃபைலிங் முடிந்ததற்கான கடைசி ஏஆர்என் எண் வரும்போது ராத்திரி ஒன்பது தாண்டிவிட்டது.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. நாலு மருந்தில் ஒன்றான ரிஃபாம்பிசின் செய்யும் வேலை, முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் அலறியிருப்பேன்.

ஜூன் 17, செவ்வாய்

உடம்பின் டைம்டேபிள் பிடிபட ஆரம்பித்திருக்கிறது. ஆறு மணிக்கு மாத்திரை. ஏழு மணிக்கு மேல் இட்லி. அதிலிருந்து ஒன்பதரை வரை எதற்கும் லாயக்கில்லை, மோர் வாசனைகூடப் புரட்டுகிறது. பத்து மணிக்கு மேல் பழைய நான். சாயங்காலம் ஐந்துக்கு ஒரு தொய்வு, சுக்குக் காபி குடித்தால் தேவலை.

அத்தைக்கும் அவருக்கும் எக்ஸ்ரே சுத்தம். பாப்பாவுக்கும் ஒன்றுமில்லை, தடுப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 21, சனி

நேற்று, 20ஆம் தேதிக் கெடுவில், வரி கட்டும் மாத ரிட்டர்னான 3பி முடிந்தது. இன்று ஆபீஸிலிருந்து எங்கள் ஆடிட்டர் சார் போன்.

"மூணு மாசம் நல்லா ரெஸ்ட் எடும்மா. உன் கிளையண்ட்டை எல்லாம் பிரிச்சுக் குடுத்துடறேன்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் மூன்று மாதம் சம்பளம் இல்லாத லீவு. திரும்பிப் போகும்போது என் ஃபைல் எதுவும் என்னிடம் இருக்காது. இந்த ஊர் ஆபீஸ்களில் நோயாளிக்கு லீவு கொடுக்கச் சட்டென்று மனசு வரும், நேரத்தை மாற்றிக் கொடுக்க வராது. எனக்கு வேண்டியது காலையில் இரண்டு மணி நேரம். அவ்வளவுதான்.

"சார், லீவு வேண்டாம். பதினொண்ணுக்கு வந்து ஏழரைக்குப் போறேன்."

"இல்லம்மா, இது ரெஸ்ட் எடுக்க வேண்டிய வியாதி..."

அப்போதுதான் சேத்துப்பட்டு கதையைச் சொன்னேன். 1956இல் இதே ஊரில் ஆராய்ச்சி நடந்தது. டி.பி. நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில், அதாவது தங்கி ஓய்வெடுக்கும் ஆஸ்பத்திரியில், படுக்க வைத்து நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை; சாப்பாடும் சுமார், ஓய்வும் குறைச்சல். குணமானதில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு வெளியான பிறகு உலகமே வீட்டு வைத்தியத்துக்கு மாறியது.

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆடிட்டர் அல்லவா, ஆதாரம் இருந்தால் கேட்பார். "சரி, பதினொண்ணு. ஆனா 11, 20 தேதில மட்டும் லேட் ஆகும், பரவால்லையா?" பரவாயில்லை என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

பத்து மணி ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறது! தாம்பரம் சானடோரியத்தில் ஏறி மாம்பலம் வரை ஜன்னலோரம். 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய டி.பி. ஆஸ்பத்திரி எங்கள் ஸ்டேஷன் பக்கத்தில். ஆராய்ச்சி நடந்த சேத்துப்பட்டு இதே லைனில் மாம்பலத்துக்கு மூன்றாவது ஸ்டேஷன்.

என் ரூமில் இருக்கும் இருவரிடமும் நானே சொல்லிவிட்டேன். மூடிய ஏசி ரூம், அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒருத்தி நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டாள். கோபம் வரவில்லை என்றால் பொய். இன்னொருத்தி எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். உஸ்மான் ரோடு ஹாரன் முழுக்க உள்ளே.

ஜூலை 8, செவ்வாய்

முட்டி வலி. நாலு மருந்தில் இன்னொன்றான பைரசினமைடு யூரிக் ஆசிட்டை ஏற்றுமாம். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மதியம் கீழே இறங்குவதை நிறுத்திவிட்டு டப்பாவில் முட்டை கொண்டுபோகிறேன்.

ஜூலை 19, சனி

நாளை ஞாயிறு, 20ஆம் தேதி. எனவே எல்லாம் இன்றே. சப்ளையர்கள் ஏற்றிய இன்வாய்ஸ்களின் பட்டியலான 2பி-யோடு பர்ச்சேஸை ஒப்பிடும் எக்செல் ஷீட்டில் ஒத்துப்போனது பச்சை, போகாதது சிவப்பு. எத்தாம்புட்டால் என்ற மருந்து கண் நரம்பைத் தொடலாம், முதலில் சிவப்பு பச்சை குழம்பும், அப்படி ஆனால் உடனே வாங்க என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஷீட்டைத் திறந்ததும் முதல் வேலை நிறம் பார்ப்பது. ஒரு கண்ணைப் பொத்தி, பிறகு மற்றதை. பையன் பார்த்துவிட்டு, "என்னக்கா, திருஷ்டி கழிக்கிறீங்களா?" என்றான். சிவப்பு சிவப்பாகத்தான் இருந்தது. ஒரு சப்ளையர் இரண்டு லட்சத்துக்கு இன்வாய்ஸ் ஏற்றவே இல்லை, அந்த சிவப்பு.

ஜூலை 31, வியாழன்

டிடிஎஸ் (பிடித்த வரி) ரிட்டர்ன் முடிந்தது. வருமானவரி ரிட்டர்னை செப்டம்பர் 15க்குத் தள்ளியிருக்கிறார்கள். எனக்காகவே தள்ளினார்கள் என்று அத்தை நம்புகிறார்.

ஆகஸ்ட் 6, புதன்

சளியில் கிருமி இல்லை. எடை 51. பைரசினமைடு நின்றது. இன்னும் நாலு மாதம் மாத்திரை உண்டு. நன்றாக இருக்கிறது என்று நடுவில் விடுகிறவர்கள்தான் திரும்ப வருகிறார்கள் என்று நர்ஸ் அக்கா கறாராகச் சொன்னார்.

சாரிடம் சொன்னதும், "அப்பாடா! அப்ப அடுத்த வாரம் ஒரகடம் ஸ்டாக் ஆடிட்டுக்கு நீயே போயிடு. காலைல ஏழரைக்கு அங்க இருக்கணும்."

"பத்தரைக்குன்னா வர்றேன் சார்."

முகம் சுருங்கியது. பிறகு ஃபேக்டரிக்குப் போன் போட்டார். ஏழரைக்குப் பையன் போய் எண்ண ஆரம்பிப்பான், பத்தரைக்கு நான்.