அளம்பில் கரையில் ஒரு பலகையும் இரண்டு காலைப்பொழுதுகளும்

கிளிநொச்சியில் வளர்ந்த எங்களுக்கு நீச்சல் என்றால் குளமும் வாய்க்காலும்தான். இரணைமடுத் தண்ணீரில் பழகிய எவரும் தமக்கு நீந்தத் தெரியும் என்றே நம்புவார்கள்; நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். குளத்தில் நீந்துபவன் கையை ஓய்த்தால் நின்ற இடத்திலேயே மிதப்பான். கடலில் கையை ஓய்த்தவன் எங்கே மிதப்பான் என்பதைக் காற்றும் நீரோட்டமும் தீர்மானிக்கின்றன. இந்த வேறுபாட்டை எனக்கு முதன்முதலாக உணர்த்தியது சென்ற ஆண்டு ஆவணியில் அறுகம்பையில் அலைச்சறுக்குப் பழகிய எட்டு நாட்கள். அதை முழுமையாக உணர்த்தியது இந்த ஆண்டு வைகாசியில் முல்லைத்தீவுக் கடல்.

அறுகம்பையில் முதல் நாள் நான் பலகையில் எழுந்து நிற்கவேயில்லை. பயிற்றுநர் எனக்கு விழத்தான் கற்றுக்கொடுத்தார். தலைகீழாகப் பாயக்கூடாது, முதுகையோ பக்கவாட்டையோ கொடுத்துத் தட்டையாக விழவேண்டும், ஏனென்றால் இடுப்பளவு என்று நினைத்த தண்ணீர் அலை பின்வாங்கும் நொடியில் முழங்காலளவு ஆகிவிடும், அங்கே தலை மணலில் மோதினால் முறிவது கழுத்து. விழுந்த பின்பு அவசரப்பட்டு மேலே வரக்கூடாது. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு மெதுவாக எழவேண்டும், ஏனென்றால் கணுக்காலில் கட்டிய கயிறு இழுபட்டுப் பலகை நம்மை நோக்கித்தான் திரும்பி வரும். பலகைக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக்கூடாது என்பதை அவர் ஒரு நாளில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அலை தள்ளும்போது எட்டடிப் பலகை ஒன்று மனிதனைச் சாய்ப்பதற்கு அதிக வேகம் தேவையில்லை. அந்தக் கயிற்றை விரல்களில் சுற்றிப் பிடிக்கவும் கூடாது, அலை வெடுக்கென்று இழுத்தால் விரல் போய்விடும்.

அங்கே பழகுவதற்குத் தனித்தனி இடங்கள் இருக்கின்றன. பெயர்பெற்ற மெயின் பொயின்றின் அடியில் பாறையும் முருகைக்கல்லும் கிடப்பதால் தொடக்கநிலையில் உள்ளவர்களைப் பேபி பொயின்றுக்கும் விஸ்கி பொயின்றுக்கும் அனுப்பிவிடுவார்கள். வன்னிக் கரையில் அப்படி எவரும் பிரித்து வைக்கவில்லை. உயிர்காப்பாளரோ கொடியோ பயிற்றுநரோ நான் போன இடத்தில் இல்லை. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டுமென்று தோன்றியது.

அக்காவின் மகனுக்குப் பதினாறு வயது. நான் ஒரு பழைய மென்பலகையை வாங்கி வந்த நாளிலிருந்து அவன் கண் அதன்மேல்தான் இருந்தது. அக்கா உடனே சம்மதிக்கவில்லை. 2004 மார்கழி 26 அன்று முல்லைத்தீவைக் கடல் என்ன செய்தது என்பதை அறிந்தவர்கள், 2009இல் அதே கரையோரத்தில் நடந்தவற்றையும் கடந்து வந்தவர்கள், கடலை விளையாட்டிடமாக நினைப்பது எளிதன்று. அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: "அங்கத்தைய ஆக்களைக் கேக்காமல் என்ரை பிள்ளையைத் தண்ணியிலை இறக்காதை." அது எந்தப் பயிற்சி நூலிலும் முதல் வரியாக இருக்கத்தக்க அறிவுரை என்று இப்போது நினைக்கிறேன்.

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த வாரத்தில் புறப்பட்டோம். பரந்தனில் திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் வழியாகச் செல்லும் ஏ35 வீதி வட்டுவாகலில் நந்திக்கடலைக் கடக்கிறது. முல்லைத்தீவு நகரில் தேநீர் குடித்துவிட்டுத் தெற்கே திரும்பிச் சிலாவத்தையைத் தாண்டி அளம்பிலை அடைந்தபோது வெயில் சரிந்திருந்தது. நண்பரின் பெரியப்பா ஒருவர் அங்கே கரைவலைச் சம்மாட்டியாக, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெருவலையின் சொந்தக்காரராக இருக்கிறார். அவருடைய வாடிக்கு (மீனவர் கொட்டிலுக்கு) அருகிலேயே எங்களுக்குத் தங்கக் கிடைத்தது.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போன எங்களை ஐயா மணலில் இருத்திவிட்டார். "முதல்லை கடலைப் பாருங்கோ. அவசரமில்லை." இருபது நிமிடம் பார்த்தோம். சிறு அலைகள் சில வந்தபின் சற்றுப் பெரியவை மூன்று நான்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பின்பு கடல் மீண்டும் ஓய்ந்தது. ஓய்ந்த வேளையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியிருந்தால் அந்தப் பெரிய அலைகள் எங்களை எதிர்பாராத இடத்தில் பிடித்திருக்கும்.

பிறகு அவர் மருமகனிடம் கேட்டார்: "தம்பி, நீ எந்த இடத்தாலை இறங்குவாய்?" அவன் யோசிக்காமல் அலை உடையாமல் அமைதியாகக் கிடந்த ஓர் இடைவெளியைக் காட்டினான். நானும் என் மனதில் அதே இடத்தைத்தான் வைத்திருந்தேன். ஐயா தலையை ஆட்டினார். "அதுதான் ஆளைக் கொண்டுபோற இடம். அலை ரெண்டு பக்கமும் உடையுது, அதிலை மட்டும் உடையேல்லை. ஏன்? அங்கை ஆழம். கரைக்கு வந்த தண்ணி முழுக்க அதாலைதான் திரும்பிப் போகுது." உற்றுப் பார்த்தபோது அந்த இடத்தில் நீர் கறுத்திருந்ததும், கலங்கிய மணலும் நுரைத் துண்டுகளும் அதன்வழியே கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்ததும் தெரிந்தன. அறுகம்பையில் இதை எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் சொன்னதைக் கேட்பதும், முன்னால் கிடக்கும் கடலில் அதைக் கண்ணால் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

இந்த இழுவை நீரோட்டம் எவரையும் கீழே இழுத்து அமிழ்த்துவதில்லை. அது வெளியே கொண்டுபோகிறது. சில வேளைகளில் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் கூட. அந்த வேகத்தை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துவது தேர்ந்த வீரருக்கும் நெடுநேரம் இயலாது. மூழ்குபவர்கள் பெரும்பாலும் அப்படி எதிர்த்து நீந்திக் களைத்துத்தான் மூழ்குகிறார்கள். அகப்பட்டவர் முதலில் மிதக்க வேண்டும், ஒரு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், இயலுமானால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலைகளோடு கரை சேர வேண்டும். அலைச்சறுக்குப் பழகுபவரிடம் மிதக்கும் பொருள் ஒன்று எப்போதும் இருக்கிறது. எந்த நிலையிலும் பலகையை விட்டு நீந்தக்கூடாது.

அன்று மருமகனை இடுப்பளவு நீருக்கு அப்பால் விடவில்லை. உடைந்து முடிந்து நுரையாக வரும் அலைகளிலேயே அவன் வயிற்றில் படுத்துக் கரைவரை சறுக்கினான். அலை வரும்போது பலகையை உடலுக்குக் குறுக்கே பிடிக்காமல், மூக்கை அலைக்கு நேரே திருப்பிப் பக்கத்தில் நின்று பிடிக்கவேண்டும் என்பதை ஒருமுறை மறந்தான். பலகை விலாவில் இடித்து வலித்தது. அதன்பிறகு மறக்கவில்லை. திருக்கை மணலில் புதைந்து கிடக்கும் என்பதால், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்குமாறு ஐயா கரையிலிருந்து கூவிக்கொண்டே இருந்தார். சொறிமுட்டை (ஜெல்லிமீன்) பட்டால் நன்னீர் ஊற்றாமல் கடல்நீரால் கழுவவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். நல்லவேளையாக அதற்குத் தேவை வரவில்லை.

தவறு செய்தவன் நான். ஒன்பது மணியளவில் மருமகனைக் கரையேற்றி ஐயாவோடு இருத்திவிட்டு, அலை உடையும் கோட்டைத் தாண்டிச் சென்று பலகைமேல் உட்கார்ந்தேன். கடல் வழுவழுப்பாக, கண்ணாடிபோல இருந்தது. அந்த அழகில் மயங்கி ஒரு பத்து நிமிடம் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது வாடிகள் தீப்பெட்டியளவாகத் தெரிந்தன.

காரணம் சோழகம். வைகாசியிலிருந்து தென்மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்று முல்லைத்தீவுக் கரைக்கு நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. அது அலையைப் படியவைத்துக் கடலைச் சாதுவாகக் காட்டும். அதே வேளையில் மிதக்கும் எதையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கிழக்குக் கரையில் பழகும் ஒவ்வொருவரும் இதை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கடல் கொந்தளிக்கும் நாளில் நாம் தானாகவே தயங்குவோம். அமைதியாகத் தெரியும் நாளில் நம்மைத் தயங்கவைக்க ஒன்றுமில்லை.

நிமிர்ந்திருந்த உடம்பில் காற்று பாயைத் தள்ளுவதுபோலத் தள்ளியதை உணர்ந்து உடனே பலகையில் தட்டையாகப் படுத்தேன். முதலில் வெறிகொண்டு துழாவினேன்; தோள்கள் எரிந்தன, கரை நெருங்கவில்லை. பிறகுதான் நிதானத்துக்கு வந்து, மூச்சைக் கணக்கிட்டு, ஒரே சீராகச் சாய்வாகத் துழாவத் தொடங்கினேன். கரையில் ஐயா சாரத்தைக் கழற்றி உயர்த்தி ஒரு பக்கமாக வீசிக் காட்டிக்கொண்டிருந்தார். நீரோட்டம் குறைந்த பக்கம் அதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அரை மணிநேரம் கழித்து, இறங்கிய இடத்திலிருந்து ஏறக்குறைய 300 மீற்றர் தள்ளிக் கரையேறினேன். அதற்குள் இளைஞர்கள் இருவர் படகொன்றைத் தண்ணீர் விளிம்புவரை தள்ளிவைத்துக் காத்திருந்தார்கள். மருமகனின் முகத்தில் இரத்தமே இல்லை. ஐயா ஏசவில்லை. "இனிக் குறி வைச்சுப் போம்" என்று மட்டும் சொன்னார்.

குறி வைப்பது என்றால் கரையில் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருட்களைத் தெரிந்து வைப்பது. எங்களுக்கு முன்னால் ஒரு பனையும் அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தாங்கியும் நின்றன. கடலில் இருந்து பார்க்கும்போது அவை இரண்டும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தால் நாம் இறங்கிய இடத்துக்கு நேரே இருக்கிறோம். பனை ஒரு பக்கமாக விலகினால் நீர் நம்மைக் கொண்டுபோகிறது. மீனவர்கள் தலைமுறைகளாகச் செய்வது இது. அன்று மாலை மருமகனுக்கு இதை மணலில் கோடு கீறிக் காட்டியவரும் ஐயாதான். இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறி பார்ப்பதும், எனக்கென்று கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்காமல் இறங்காதிருப்பதும் எங்கள் வழக்கம்.

இரண்டாம் நாள் கரைவலை வளைத்திருந்தார்கள். வலையின் இரு கயிறுகளும் வெகுதூரம் கடலுக்குள் நீண்டு கிடந்தன. அவற்றுக்கு இடையிலோ அருகிலோ பலகையோடு போவது அவர்களுடைய உழைப்பைக் கெடுப்பது. அதோடு கணுக்கால் கயிறோ பலகையின் அடிச்செதிலோ அதில் சிக்கினால் அலைக்குள் விடுவிக்க இயலாது. இயந்திரப் படகுகள் கரையேறும் தடமும் அப்படித்தான். அலையின் மேல் வேகமாக வந்து மணலில் ஏறும் படகோட்டிக்கு, நுரைக்குள் தெரியும் ஒரு தலையைக் காண நேரம் இருக்காது. நாங்கள் கேட்டறிந்து அரைக் கிலோமீற்றர் தள்ளிப் போனோம்.

மருமகனுக்கு நாயாற்று முகத்துவாரத்தைப் பார்க்க ஆசை. பார்த்தோம், இறங்கவில்லை. வட்டுவாகல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்பு வாய்களில் நீர் ஏறி இறங்கும்போது ஒடுங்கிய வழியால் விசையோடு பாய்கிறது. மழைக்காலத்தில் களப்பு நிரம்பி மணல்திட்டு உடைபட்டபின் அந்த விசையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

போகும் முன்பு ஐயாவின் வாடியில் இரண்டு வெற்றுக் கலன்களை மூடி இறுக்கிக் கயிறு கட்டி வைத்தோம். ஒருவர் தத்தளிக்கும்போது பாய்ந்து போகிறவரையும் கடல் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. முதலில் மிதக்கும் ஒன்றை எறிவதே சரி. 1990 என்ற இலவச நோயாளர் காவுவண்டி இலக்கத்தை மருமகனின் தொலைபேசியில் பதியவைத்தேன். தண்ணீர் குடித்து மீண்டவர் நன்றாகப் பேசினாலும் இருமலோ மூச்சுத்திணறலோ நிற்காவிட்டால் வீட்டில் படுக்கவிடாமல் மாஞ்சோலை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன்.

வீட்டுக்கு வந்து பலகையை நன்னீரில் கழுவும்போது, கயிறு கணுக்காலில் பூட்டும் இடத்தில் தையல் விட்டிருந்ததைக் கண்டேன். அன்று காற்றில் அது அறுந்திருந்தால் பலகை எனக்கு முன்னே போயிருக்கும். புதிய கயிறு வாங்கும்வரை எவரும் இறங்குவதில்லை என்று முடிவாயிற்று. அக்கா எல்லாவற்றையும் கேட்டார்; நான் எதையும் மறைக்கவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "ஐயாவுக்கு ஒரு போத்தல் நல்லெண்ணெய் குடுத்துவிட வேணும்" என்றார்.

ஐப்பசி விடுமுறையில் மீண்டும் போகலாமா என்று மருமகன் கேட்டான். வடகிழக்கிலிருந்து வீசும் வாடை தொடங்கிவிட்டால் அந்தக் கரையில் அளம்பில் மீனவர்களே நாட்கணக்கில் படகிறக்காமல் இருப்பார்கள். ஐப்பசியிலிருந்து தை முடியும்வரை பலகை கூரை வளையில்தான் என்று சொல்லி, அவனையே ஏணியைப் பிடிக்கச் சொல்லி அதை மேலே ஏற்றிக் கட்டினேன்.