பொம்மைக்கு அடிக்க ஏர்பிரஷ் கேட்டால் காருக்கு அடிக்கிற கன் வரும்

மேசையிலிருந்து விழுகிற ஏர்பிரஷ் (காற்றால் பெயின்றை ஊதிப் பூசுகிற, பேனா மாதிரிக் கருவி) வாலைக் குத்தி விழுவதை யாரும் கண்டதில்லை. கோப்பை, தலை எல்லாம் முன்பக்கம்தான் பாரம். ஆகவே சீமெந்துத் தரையை முதலில் முத்தமிடுவது ஊசி முனை. அதன் பிறகு 32 மில்லிமீற்றர் உயரமுள்ள எல்ஃப் வீரன் பொம்மையின் கன்னத்துக்குக் குறிவைத்த தோல் நிறம் அவனுடைய கேடயத்தில் போய் அப்பும். அடுத்த காட்சி, திருகோணமலை டவுனில் உள்ள ஏதாவது ஒரு ஹாட்வெயார் கடை.

"அண்ணா, ஏர்பிரஷ் இருக்கா?"

"பிரஷ் எல்லாச் சைஸும் இருக்கு தம்பி. ரெண்டு இஞ்சா, மூண்டு இஞ்சா?"

"இது காத்தில அடிக்கிறது அண்ணா. பெயின்ற் பூசுற கன் மாதிரி."

"அப்பிடிச் சொல்லுங்க." உள்ளே போகிறவர், அரை லீற்றருக்கு மேல் கொள்ளுகிற கோப்பையோடு ஒரு ஸ்பிறே கன்னைத் தூக்கிக்கொண்டு வருவார். "கார் என்ன மேக்?"

"கார் இல்லண்ணா, பொம்மை. இவ்வளவு உசரம்." கட்டைவிரலைக் காட்டவேண்டி வரும்.

அவர் விரலையும் பார்ப்பார், கன்னையும் பார்ப்பார். "அதுக்கென்ன, கொஞ்சமா அடிங்க."

கொஞ்சமாக அடிக்க ஏலாது. காருக்கு அடிக்கிற கன்னின் நொசில், அதாவது பெயின்ற் வெளியே வருகிற முனை, அதன் துளை 1.4 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். மினியேச்சர் என்கிற இந்தச் சின்னப் பொம்மைகளுக்குப் பொதுவாகப் பாவிப்பது 0.3, 0.35. விட்டம் நாலு மடங்கு என்றால் பரப்பு 16 மடங்கு. அந்தக் கன் கேட்கிற காற்றோ நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லீற்றர். காற்றை அமுக்கி அனுப்புகிற நம்முடைய சின்னக் கொம்பிரசர் தருவது இருபது சொச்சம். கராஜ் கொம்பிரசரில் மாட்டி அடித்தால் பெயின்ற் எங்கே விழும் என்று தெரியாது, எல்ஃப் டச்சு விரிகுடாவில் கிடப்பார்.

புதுசு தேடப் போகுமுன் பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்ப்பது நல்லது. ஏர்பிரஷின் உடம்பு லேசில் கெடாது. கெடுவது ஊசி, நொசில், சீல். கோப்பைக்குள் குமிழி கிளம்பினால், முன்னால் போகவேண்டிய காற்று பெயின்ற் வழிக்குள் திரும்புகிறது என்று அர்த்தம். தலை இறுகவில்லை, அல்லது நொசிலடிச் சீல் போய்விட்டது, அல்லது நொசில் வெடித்திருக்கிறது. ஒரு பக்கமாகச் சரிந்து அடித்தால் ஊசி வளைந்திருக்கும். பட்டனைப் பின்னுக்கு இழுக்காமல் வெறுமனே அமத்தினாலே பெயின்ற் வந்தால், ஊசி நொசிலுக்குள் போய் முழுசாக உட்காரவில்லை; காய்ந்த பெயின்ற் தடுக்கிறது, இல்லாவிட்டால் நொசில் வாய் விரிந்துவிட்டது. பட்டனைச் சுற்றிப் பெயின்ற் ஊறினால் ஊசியைக் கவ்விப் பிடிக்கிற டெஃப்லோன் பக்கிங் தேய்ந்திருக்கிறது. கை வைக்காமலே சீறிக்கொண்டிருந்தால் காற்று வால்வின் ஓ-ரிங்கையோ ஸ்பிரிங்கையோ பாருங்கள். இங்கே கடல் காற்றுக்கு அந்த ஸ்பிரிங் கறள் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

கழற்றும்போது ஒரு விஷயம். முனை கொக்கியாக வளைந்த ஊசியை வழக்கம்போலப் பின்னால் வெடுக்கென்று உருவினால், நொசிலின் வாயையும் கிழித்துக்கொண்டு வரும். முதலில் தலையையும் நொசிலையும் முன்பக்கமாகக் கழற்றிவிட வேண்டும், பிறகுதான் ஊசி. லேசான வளைவு என்றால் கண்ணாடித் துண்டின்மேல் ஊசியைச் சரித்துப் படுக்கவைத்து, மேலே நகத்தால் அமத்தியபடி உருட்டி உருட்டி இழுத்தால் நிமிரும். பிறகு 2000 நம்பர் நீர்க் கடதாசியில் நீளவாக்கில் நாலைந்து இழுவை. பஞ்சில் இழுத்துப் பார்த்தால் நார் மாட்டக்கூடாது. மாட்டினால் இன்னும் கொக்கி இருக்கிறது.

நொசிலைப் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடி வேண்டும். அது கம்பியூட்டர் கடையில் இருக்காது, நகை செய்கிற பத்தரிடம் இருக்கும்.

"இது என்ன தம்பி, மூக்குத்திச் சுரையா?"

"இல்ல ஐயா, பெயின்ற் வாற நொசில். வெடிச்சிருக்கா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு வெளிச்சத்தில் திருப்புவார். "வாயில மயிரிழை கீறல் ஒண்டு நிக்குது. பொடி வைச்சு ஊதித் தரட்டா?"

அன்புக்கு நன்றி சொல்லி வேண்டாம் என்க. பொடி வைத்து ஊதினால் கீறல் மூடும், துளையும் சேர்ந்து மூடும். வெடித்த நொசிலுக்கு வைத்தியம் கிடையாது. பெரும்பாலும் அது வெடிப்பதற்குக் காரணம், ஊசியைத் திரும்பப் போடும்போது "நல்லா இறுகட்டும்" என்று முன்னால் தள்ளுவது. ஊசி நொசிலைத் தொட்டதும் கை நிற்கவேண்டும்.

இனி வாங்குகிற கதை. இந்த ஊரில் இருந்துகொண்டு மாற்று ஏர்பிரஷ் வாங்குகிறவர் முதலில் விலை விசாரிக்கவேண்டியது ஏர்பிரஷுக்கு இல்லை, அதன் நொசிலுக்கு. அடுத்த விழுகை எப்படியும் வரும். அன்றைக்கு அந்த நொசிலும் அதற்குச் சோடியான ஊசியும் கொழும்பிலோ ஒன்லைனிலோ தனியாகக் கிடைக்குமா, கிடைத்தால் எத்தனை கிழமையில் வரும்? இதற்குப் பதில் இல்லாத ஏர்பிரஷ் எவ்வளவு பளபளத்தாலும் ஒருமுறை பாவித்து எறிகிற சாமான்தான். மொடலைத் தெரிவுசெய்த அன்றே ஒரு நொசிலும் ஒரு ஊசியும் சேர்த்து ஓடர் போடுவது நல்லது. 0.3 நொசிலுக்கு 0.3 ஊசிதான். வேறு அளவு போட்டால் ஒன்றில் ஒழுகும், இல்லையேல் அடைக்கும்.

டபுள் அக்‌ஷன், மேலே கோப்பை உள்ள வகை: இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அமத்தினால் காற்று, பின்னே இழுத்தால் பெயின்ற். கீழே போத்தல் தொங்குகிற வகை உறிஞ்சி எடுப்பதற்கே கூடுதல் காற்று கேட்கும். ஒரு பொம்மைக்குப் பத்துச் சொட்டுப் பெயின்ற் போதும் என்கிற இடத்தில் போத்தல் எதற்கு?

நொசில் அளவில்தான் ஆசை ஆளைக் கெடுக்கும். 0.2 வாங்கினால் கண்மணி வரையலாம் என்ற நினைப்பு. கண்மணி வரைய எல்லாருக்கும் கடைசியில் தூரிகைதான். 0.2 அடிக்கடி அடைக்கும், முதல் பூச்சான பிறைமரையும் உலோக நிறங்களையும் கண்டால் முகம் சுழிக்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 0.3 முதல் 0.4 வரை. தண்ணீரில் கரைகிற பொலியூரித்தேன் பிறைமரும் வார்னிஷும் அதிகம் அடிக்கிறவருக்கு 0.4, 0.5 இன்னும் நிம்மதி.

பெயர்களுக்கு வருவோம். ஜப்பானிய இவாட்டாவின் எக்லிப்ஸ் எச்பி-சிஎஸ் 0.35, கோப்பை சுமார் 9 மில்லிலீற்றர். இதன் பெரிய வசதி, நொசிலுக்கு மரை இல்லை. உள்ளே வைத்துத் தலையைத் திருகினால் தானாக நடுவில் உட்காரும். ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எவொலூஷனும் அப்படியே, சாவி தேவையில்லை. இரண்டு அளவு சேர்ந்து வருகிற பெட்டியை எடுத்தால் 0.2, 0.4 இரண்டும் இருக்கும், கோப்பையும் இரண்டு. அமெரிக்க பாட்ஜர் பேட்ரியட் 105க்கு 0.5 நொசில். முரட்டுத்தனம் தாங்கும், பிறைமருக்கு அருமை, மெல்லிய கோட்டுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். மலிவு விலையில் எங்கும் கிடைக்கிற சீனத்து 130 வகையில் நொசில் அரிசி மணியை விடச் சின்னது, மரை போட்டது. அதோடு வருகிற சாவியால் ஒரு நூல் கூட இறுக்கினால் மரை முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். விழுந்து கெட்டதை விட இறுக்கிக் கெட்டதுதான் இந்த வகையில் அதிகம். நல்ல ஏர்பிரஷ் ஒன்றின் நொசில் விலைக்கு இந்தச் சீனத்துச் சாமானை முழுசாகவே வாங்கலாம் என்பதும் உண்மை. பழகுகிற ஆளுக்கு அதை வாங்கச் சொல்வதில் பிழையில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இந்தப் பொழுதுபோக்கிலேயே கிடக்கிறவருக்குச் சொல்லமாட்டோம். இவாட்டா என்ற பெயரில் சீனத்து விலைக்கு ஒன்று கண்ணில் பட்டால், பெயர் மட்டும்தான் இவாட்டா.

குழாயை மறக்கிறவர்கள் அநேகம். இவாட்டாவுக்கும் பெரும்பாலான சீனத்து வகைகளுக்கும் 1/8 அங்குல மரை. பாட்ஜருக்கு அதன் சொந்த மரை, அடப்டர் இல்லாமல் ஏறாது. ஹார்டர், டக்கென்று மாட்டிக் கழற்றுகிற முனையோடு வரும், அதற்கு ஏற்ற கப்ளிங் உங்கள் குழாயில் இருக்கவேண்டும். இரண்டு விரல் அளவு பித்தளைத் துண்டு ஒன்று இல்லாமல் புது ஏர்பிரஷ் மூன்று கிழமை அலுமாரியில் காத்துக்கிடக்கும். கடையில் டெஃப்லோன் டேப் கிடைக்கும், மரைக்கு இரண்டு சுற்று போதும். மரை பொருந்தாத இடத்தை டேப்பால் நிரப்ப முயல்கிறவர்களையும் காணலாம். அவர்களுடைய ஏர்பிரஷ் அடிக்கும்போதே பறந்து போகும்.

ஒன்லைனில் ஓடர் போடும்போது பார்சலில் என்ன எழுதுவாய் என்று விற்பவனைக் கேட்டுவையுங்கள். "மினி கன்" என்று எழுதி அனுப்பினானோ, பார்சல் தரவந்தவர் முன்னால் நின்று பொம்மை, கன்னம், நிழல், வெளிச்சம் என்று ஒரு பிரசங்கம் வைக்கவேண்டி வரும். "பெயின்ற் பூசும் கருவி" என்று எழுதச் சொல்வது சுகம். கொம்பிரசரும் சேர்த்து எடுப்பதானால் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்று உறுதிப்படுத்துங்கள். அமெரிக்காவிலிருந்து மாமா அனுப்புகிற 110 வோல்ற் கொம்பிரசர் இங்கே ஒருமுறைதான் ஓடும்.

கொம்பிரசரில் காற்றுத் தொட்டி உள்ளதை எடுங்கள். வழக்கமான 3 லீற்றர் தொட்டி உள்ளது, அழுத்தம் 4 பாருக்கு ஏறியதும் நின்று, 3 பாருக்கு இறங்கியதும் திரும்ப ஓடும். அந்த இடைவெளியில் கிடைப்பது ஏறக்குறைய 3 லீற்றர் காற்றுத்தான், அதனால் அடிக்கடி உறுமும். "மகன், ஃபிரிட்ஜ் என்னமோ இழுக்குது, ஆளக் கூப்பிடுவமா?" என்று குசினியிலிருந்து அம்மா கேட்டால் பதறவேண்டாம்.

அழுத்தம்: பிறைமருக்கு 20 முதல் 25 பிஎஸ்ஐ, அடி நிறத்துக்கு 15 முதல் 20, நெருங்கி அடிக்கிற நிழலுக்கு 10 முதல் 15. பட்டனை அமத்திக் காற்றை விட்டுக்கொண்டே மீற்றரைப் பார்த்துத் திருகவேண்டும். சும்மா நிற்கும்போது காட்டுகிற எண் பொய்.

புது ஏர்பிரஷைக் குறை சொல்லுமுன் காலநிலையையும் பாருங்கள். ஆனி, ஆடியில் மலைகளைத் தாண்டி இறங்குகிற கச்சான் காற்று ஈரம் வற்றிச் சுடச்சுட வரும். அக்ரிலிக் ஊசி முனையிலேயே காய்ந்து, முதலில் ஒன்றும் வராது, பிறகு திடீரென்று துப்பும். ஜன்னலைச் சாத்தி, ஃபானை நிப்பாட்டி, பத்துச் சொட்டுப் பெயின்றுக்கு ஒரு சொட்டு ரிட்டார்டர் (பெயின்ற் காய்வதைத் தாமதிக்கிற திரவம்) விட்டால் அடங்கும். இடைக்கிடை ஈரத் தூரிகையால் முனையைத் துடையுங்கள். பிறைமரை ஒரு சாண் தள்ளி நின்று அடித்தால் பொம்மையின் மேல் நீர்க் கடதாசி முளைக்கும். 10 முதல் 15 சென்ரிமீற்றர் போதும். கார்த்திகை, மார்கழி மழையில் கதை தலைகீழ். குழாய்க்குள் தண்ணீர் சேர்ந்து பெயின்றோடு துப்பும், பளபளப்பில்லாத மற் வார்னிஷ் வெள்ளை பூக்கும். கொம்பிரசரில் ஒரு நீர்வடி, ஏர்பிரஷ் அடியில் இன்னொரு சின்ன நீர்வடி, அடித்து முடிந்ததும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து வடிப்பது. மூன்றும் தேவை. கலப்பதற்குக் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் புள்ளி நிற்கும். பெற்றோல் செட்டில் விற்கிற பற்றரித் தண்ணீர் நல்லது. அசிட் போத்தலைத் தந்துவிடாமல் லேபலை மட்டும் வாசியுங்கள்.

பார்சல் வந்ததும் பெயின்றை ஊற்ற அவசரப்படாமல் தண்ணீர் விட்டு அடியுங்கள். கோப்பையில் குமிழி வருகிறதா, மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவினால் ஊதுகிறதா, பட்டன் இழுத்த இடத்திலிருந்து தானாகத் திரும்புகிறதா? பிறகு கரைத்த கறுப்பு மையால் கடதாசியில் புள்ளி, புள்ளியிலிருந்து கோடு. புள்ளி வட்டமாக விழுந்தால் ஊசி நேர். அந்தக் கடதாசியை முற்றத்தில் காயப்போட வேண்டாம், டவுனில் திரிகிற மான்களுக்கு அதுவும் ஒரு சாப்பாடு. கழுவும்போது முழு ஏர்பிரஷையும் லாக்கர் தின்னரில் ஊறப்போடாதீர்கள், றப்பர் ஓ-ரிங் ஊதிவிடும். உலோகத் துண்டுகளை மட்டும் கழற்றிப் போட்டால் போதும்.

பழையதைக் குப்பையில் போடவேண்டாம். நொசில் கிடைத்தால் அது பிறைமருக்கு, கிடைக்காவிட்டால் பொம்மையில் தூசி ஊத. அதற்குள் மாமி வந்து நிற்பா.

"தம்பி, பழச சும்மாதானே வைச்சிருக்கிறீர்? பேத்தியிர பேத்டே கேக்குக்கு ரோஸ் கலர் அடிக்கத் தாருமன்."

எவ்வளவு கழுவினாலும் கொடுக்காதீர்கள். பக்கிங்குக்குப் பின்னால் பழைய நிறம் தங்கியிருக்கும், சில சிவப்பு மஞ்சள்களில் கட்மியமும் உண்டு. கேக்குக்குப் புதுசாக ஒரு சீனத்து 130 வாங்கி, கோப்பையில் "கேக்" என்று எழுதி மாமியிடமே கொடுத்துவிடுங்கள்.