ஒரே கடை உள்ள தீவில் மூன்று கொட்டேஷன்

வெளிநாட்டு நன்கொடையாளர்கள் தரும் மானியங்களின் கணக்குகளைப் பார்க்கும் வேலையில் இருப்பவர்களிடம் பசிபிக் கடலின் குட்டித் தீவுகளைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவங்களுக்குத் திறன் போதாது, முதல்ல ஒரு பயிற்சி கொடுக்கணும்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் பேச்சு முடியாது. வருடக்கணக்கில் வவுச்சர்களோடும் காலாண்டு அறிக்கைகளோடும் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏன் என்று அங்கே உள்ள துவாலு என்ற நாட்டை வைத்துச் சொல்கிறேன்.

ஒன்பது தீவுகள், எல்லாம் சேர்த்து 26 சதுர கிலோமீட்டர் நிலம், கிட்டத்தட்ட 11 ஆயிரம் பேர். விமானம் இறங்குவது தலைநகர் ஃபுனாஃபுட்டியில் மட்டும்தான், மற்ற தீவுகளுக்குக் கப்பல்தான். நாட்டின் முதல் ஏடிஎம் 2025 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை எல்லாம் ரொக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட இடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட ஒரு மானியம் போகிறது என்று வையுங்கள். கூடவே நிபந்தனைகளும் போகும்: பொருள் வாங்க மூன்று கொட்டேஷன், எல்லாப் பணமும் வங்கி வழியாக, ஒவ்வொரு செலவுக்கும் அச்சிட்ட ரசீது. வெளித்தீவு ஒன்றில் கூட்டுறவுக் கடை ஒன்று இருக்கும். மீதி இரண்டு கொட்டேஷனை யாரிடம் வாங்குவது? ஃபுனாஃபுட்டியிலிருந்து வாங்கலாம், ஆனால் அது கப்பலில் வர வேண்டும், அதற்குள் விலை மாறியிருக்கும், அப்புறம் காலாண்டும் முடிந்திருக்கும். தாமதம் என்று குறிப்பு எழுதுகிறவர் வேறொரு நாட்டில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார். (அந்த நாற்காலியில் இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கும் மேலே ஒரு தணிக்கைக்காரர் இருக்கிறார்.)

இதைவிடச் சிக்கலான நிபந்தனை ஒன்று உண்டு. பில்லுக்கு ஒப்புதல் தருபவர் வேறு, பணம் கொடுப்பவர் வேறு, கணக்கில் எழுதுபவர் வேறாக இருக்க வேண்டும் என்பது. கணக்குப் படித்தவர்களுக்கு இது பாலபாடம், நானும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தீவின் நிர்வாகத்தையும் நடத்துகிற காவ்பூலே என்ற அமைப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆறு பேர், அவர்களுக்கு உதவ விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். அவ்வளவுதான் மொத்த அரசாங்கமும். மூன்று வேலைக்கு மூன்று ஆள் வைத்தாலும் ஒருவர் மற்றவருக்கு மச்சானாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். சில நூறு பேர் வாழும் தீவில் "கொள்முதலில் சம்பந்தப்பட்டவர் யாரும் உறவினர் இல்லை" என்று கையெழுத்துப் போடச் சொன்னால், ஒன்று பொய் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கொள்முதலே செய்யாமல் இருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் அங்கே பணத்தைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் தெரியாதா? துவாலு நம்பிக்கை நிதி என்று ஒன்று 1987-ல் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவற்றோடு துவாலுவும் பணம் போட, சுமார் 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் முதலோடு அது ஆரம்பித்தது. அதன் விதி ரொம்ப எளிமையானது, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். முதலின் மதிப்பை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போவார்கள். சந்தை மதிப்பு அதைத் தாண்டும் வருடங்களில் மட்டும் உபரி இன்னொரு கணக்குக்குப் போகும், அரசு தன் பட்ஜெட்டுக்கு அங்கிருந்துதான் எடுக்கலாம். முதல் தொகையில் கை வைக்க முடியாது. அந்த முதல் பிற்பாடு 15 கோடி டாலரையும் தாண்டி வளர்ந்தது. இதைவிடப் பல மடங்கு பெரிய நாடுகள் வந்த வருமானத்தை வந்த வேகத்தில் தின்று தீர்த்த கதைகள் நமக்குத் தெரியும்.

இதையே தீவு அளவிலும் செய்தார்கள். 1999-ல் ஃபலேகாவ்பூலே நம்பிக்கை நிதி வந்தது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன், அரசின் பங்கு, இவற்றோடு தீவுக்காரர்கள் தாங்களே திரட்டிய பணம். ஃபலேகாவ்பூலே என்பது ஒவ்வொரு தீவின் பாரம்பரிய ஊர்ச்சபை. 1997-ல் வந்த சட்டப்படி காவ்பூலேயின் வரவு செலவுத் திட்டத்துக்கு இந்தச் சபைதான் ஒப்புதல் தர வேண்டும். அதாவது, ஊரே உட்கார்ந்திருக்கும் இடத்தில் இன்ன வேலைக்கு இவ்வளவு என்று பேசித்தான் ஆக வேண்டும். எல்லாரும் எல்லாருக்கும் உறவு என்ற ஊரில் இந்தச் சபையைவிட நல்ல உள்கட்டுப்பாட்டை நம்முடைய கையேடு எதிலும் நான் பார்க்கவில்லை. கொட்டேஷனுக்குப் பதிலாகச் சபையின் தீர்மான நகலை ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தால் பாதித் தலைவலி போய்விடும்.

பெரிய பணம் வரும்போது வேறு மாதிரி நடக்கிறது. தென்கொரியாவின் சாங்டோவில் இருக்கும், காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்குப் பணம் தரும் பசுமைக் காலநிலை நிதியம் 2016-ல் துவாலுவின் கடலோரப் பாதுகாப்புக்கு 3.6 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியது. பணம் நேராக அரசுக்குப் போகவில்லை, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வழியாகப் போனது. ஏனென்றால் அந்த நிதியத்தில் நேரடியாகப் பணம் வாங்க அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரத்துக்குக் கொள்முதல் கொள்கை, உள்தணிக்கை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறி, பாலினக் கொள்கை என்று வரிசையாக ஆவணங்கள் வேண்டும், அவை நடைமுறையில் இருக்கின்றன என்று நிரூபிக்கவும் வேண்டும். வேலை நடந்தது, ஃபுனாஃபுட்டியில் 7 ஹெக்டேருக்கு மேல் புது நிலமே எழுப்பிவிட்டார்கள், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இத்தனை பெரிய மானியத்தை நடத்திய அனுபவம் பெரும்பகுதி யார் கையில் தங்கியது என்று கேட்டால், இடையில் நின்ற அமைப்பின் கையில்தான்.

இன்னொரு பசிபிக் நாடான குக் தீவுகள் அந்த ஆவண மலையை ஏறிப் பார்த்தது. சுமார் 15 ஆயிரம் பேர் உள்ள நாடு. அதன் நிதியமைச்சகம் 2016-ல் தழுவல் நிதியம் (Adaptation Fund) என்ற இன்னொரு காலநிலை நிதியத்தின் அங்கீகாரத்தையும் 2018-ல் பசுமைக் காலநிலை நிதியத்தின் அங்கீகாரத்தையும் வாங்கியது. 2020 ஜனவரியில் அந்த நாடு உயர்வருமான நாடு என்று வளர்ச்சி உதவி பெறத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது வேறு கதை. காலநிலை நிதிக்கு அந்தத் தடை கிடையாது என்பதால் பட்ட பாடு வீண் போகவில்லை.

சின்ன மானியங்களின் நிலைமைதான் பரிதாபம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சில ஆயிரம் டாலருக்கு நாற்பது பக்க விண்ணப்பம் கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். இதற்கு விதிவிலக்கு, உலகச் சுற்றுச்சூழல் வசதி (GEF) என்ற பன்னாட்டு நிதி அமைப்பு 1992 முதல் நடத்தும் சிறு மானியத் திட்டம். சின்னச் சின்னத் தொகைகளை, அரசுக்கு இல்லாமல் ஊர் அமைப்புகளுக்கே தருகிறார்கள். எழுத்துக்குப் பதிலாக வீடியோவில் எடுத்த விண்ணப்பத்தையும் ஏற்கிறார்கள். கடலோரத்தில் நின்று "இங்கேதான் மண் அரிக்கிறது, இப்படித்தான் தடுக்கப்போகிறோம்" என்று உள்ளூர்ப் பெண் ஒருவர் காட்டிச் சொன்னால், தலைநகர ஆலோசகர் எழுதித் தரும் பளபளப்பான ஆங்கிலத்தைவிட எனக்கு அதில்தான் அதிக விவரம் கிடைக்கும்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். ஒரு கணக்கரை ஃபிஜியின் தலைநகர் சுவாவுக்கு வரவழைத்து, ஹோட்டலில் ஒரு வாரம் எக்செல் சொல்லிக்கொடுத்து, சான்றிதழோடு அனுப்பிவைக்கிறார்கள். அவர் ஊருக்குப் போகிறார், கொஞ்ச நாளில் தலைநகரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விடுகிறார், அல்லது நாட்டைவிட்டே போகிறார். அவர்மேல் தப்பே இல்லை. ஆஸ்திரேலியாவும் துவாலுவும் செய்துகொண்டு 2024-ல் நடைமுறைக்கு வந்த ஃபலேபிலி ஒப்பந்தப்படி வருடத்துக்கு 280 துவாலுக்காரர்கள் வரை ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறலாம், குலுக்கலில் பெயர் வர வேண்டும். 11 ஆயிரம் பேரில் 280 என்பது என்ன கணக்கு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கடல் மேலேறும் ஊரிலிருந்து கிளம்புகிறவரைப் பார்த்து "உன் பயிற்சிச் செலவு வீண்" என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. திட்டம் போடும்போதே, இந்த ஆள் போய்விடுவார் என்று வைத்துக்கொண்டு போட வேண்டும்.

அப்படி யோசித்தவர்கள் இருக்கிறார்கள். பசிபிக் நாடுகளின் தலைமைத் தணிக்கை அலுவலகங்களுக்கு ஒரு கூட்டமைப்பு உண்டு. அதன் ஏற்பாட்டில் கிரிபாட்டி, நவ்ரு, துவாலு மூன்றின் தணிக்கையாளர்களும் ஒரே குழுவாக உட்கார்ந்து மூன்று நாட்டுக் கணக்கையும் மாறிமாறிப் பார்த்தார்கள். ஒரு நாட்டில் ஒருவர் விலகினாலும் வேலை நிற்காது, தணிக்கை செய்பவர் உள்ளூர் உறவினராகவும் இருக்க மாட்டார். இன்னொன்று மைக்ரோனீசியா நாட்டின் போன்பே தீவிலிருந்து இயங்கும், 2002-ல் தொடங்கிய மைக்ரோனீசியா இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை. பெரிய நிதியங்களின் கடினமான அங்கீகாரத்தை இது வாங்கி வைத்துக்கொண்டு, சிறிய ஊர் அமைப்புகளுக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு தீவும் தனித்தனியாக உள்தணிக்கைப் பிரிவு வைக்கத் தேவையில்லை. ரசீதில் சந்தேகம் என்றால் கேட்க, அதே கடலில் வாழ்கிற ஆள் இருக்கிறார்.

திறன் வளர்ப்புக்கு என்று ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது இப்படிப்பட்ட பொது அலுவலகங்களின் சம்பளத்துக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. சம்பளம் என்றதும் நன்கொடையாளர்கள் முகம் சுளிப்பார்கள், பயிலரங்கு என்றால் உடனே கையெழுத்துப் போடுவார்கள், ஏனென்றால் பயிலரங்கில் குரூப் போட்டோ கிடைக்கும்.

இப்போது டோங்காவைத் தலைமையிடமாகக் கொண்டு காலநிலை பாதிப்புகளையும் பேரிடர்களையும் தாங்க உதவும் பசிபிக் மீள்திறன் நிதி உருவாகிக்கொண்டிருக்கிறது. தீவு நாடுகளே சொந்தமாக நடத்தப்போவது, ஊர்களுக்குச் சின்ன மானியங்கள் தருவதுதான் நோக்கம் என்கிறார்கள். அதன் விண்ணப்பப் படிவம் வெளிவந்ததும் எத்தனை பக்கம், எத்தனை கொட்டேஷன் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.