குளச்சல்காரன் எண்ணூறு ஏன் சூடேறியது

8 ஜூன் 2025, ஞாயிறு

சாயங்காலம் தக்கலையில் பழைய கார்க் கூட்டம். அம்பாசடர் அண்ணன், என் பத்மினி (பழைய பியட் கார்), மாருதி எண்ணூறு வைத்திருக்கிற பையன்கள், புதுசாகச் சேர்ந்த ஒரு ஜென். எல்லாரும் டீயும் ரசவடையுமாக நிற்கும்போது குளச்சல்காரத் தம்பி வந்து வண்டியை ஓரம் கட்டினான், பானட் இடுக்கில் ஆவி பறக்கிறது. 1997 மாடல் எண்ணூறு, கார்பரேட்டர் வண்டி, மாமாவிடமிருந்து கைக்கு வந்தது. இறங்கினவன் பானட்டைத் தூக்கி நேராக ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான். அம்பாசடர் அண்ணன் போட்ட சத்தத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரே வெளியே வந்துவிட்டார்.

"லேய், கைய எடுலே! மூஞ்சி வெந்து போவும்!"

இதைப் படிக்கிற புதுப் பையன்களுக்காக அழுத்திச் சொல்கிறேன். அந்த மூடியில் 0.9 என்று போட்டிருக்கும், அவ்வளவு அழுத்தத்தை அது உள்ளே பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி பக்கம் போனால்தான் கொதிக்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளே இருக்கிற அவ்வளவும் ஒரே மூச்சில் கொதித்து முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கையால் பிடிக்கிற அளவுக்கு ஆறட்டும், அப்புறம் தடித்த துணியைப் போட்டுப் பைய திறக்கலாம்.

வண்டி ஆறும்வரை ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வை, கழற்றித் தூர எறி என்றான் ஒருவன். வாட்டர் பம்ப் போயிருக்கும் என்றான் ஜென்காரன். ஒரு ஒர்க்ஷாப்பில் பானட்டைத் திறந்து பார்த்ததோடு சரி, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற சீல்) மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம், தம்பி பணத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறான். "ஹெட்டு எறக்கணும்னா எறக்கிருவோம் மக்கா, ஆனா எதுக்கு எறக்குதோம்னு தெரியாண்டாமா?" என்று அம்பாசடர் அண்ணன் கேட்டதுதான் இன்றைக்கு உருப்படியான பேச்சு.

நான் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: எப்போ சூடேறுது?

"மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில நெரிசல்ல நின்னா சூட்டு முள்ளு ஏறிரும்ணே. நாரோயில் ரோட்டுல ஓடும்போ ஒண்ணுமில்ல."

பாதி பதில் அதிலேயே கிடக்கிறது. ஓடுகிற வண்டியில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், நின்றால் ஃபேன் மட்டும்தான் துணை. நிற்கும்போது சூடேறி ஓடும்போது இறங்கினால் முதலில் ஃபேன் பக்கம் போகணும். ஓட ஓட ஏறினால், ஏற்றத்தில் ஏறினால், அது வேறு கதை: ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் அப்போதுதான் வரிசைக்கு வரும். ஹெட் கேஸ்கெட் என்றால் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரலாம், தண்ணீர் ஒழுகாமலே குறையும், சில வண்டியில் ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும். வண்டி ஆறினதும் மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து பார்த்தோம். ஒரு குமிழி இல்லை.

10 ஜூன், செவ்வாய்

தம்பி காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான். மழை விட்டிருந்த நேரம் பார்த்து முற்றத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பாதியைத் தாண்டியது, முக்காலுக்கு வந்தது, ஃபேன் அசையவே இல்லை. அணைத்துவிட்டோம்.

கடைக்குப் போனால் இந்த இடத்தில் புது ஃபேன் மோட்டார் தலையில் கட்டுவார்கள். நாங்கள் மோட்டாரின் கனெக்டரைப் பிரித்து, பாட்டரியிலிருந்து ரெண்டு வயரை நேராக இழுத்துக் கொடுத்தோம். சுற்றியது, நல்ல சத்தத்தோடு. ஆக மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்து, சூடேறினால் ஃபேனை ஓடவிடுகிற தெர்மோ சுவிட்ச். அதில் வருகிற ரெண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் சுவிட்ச் ஆன் ஆனதுபோல ஆகும், சாவியைத் திருப்பினால் ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லை. கோளாறு சுவிட்சுக்கும் வெளியே.

அப்புறம் டெஸ்ட் லேம்ப். கிளிப்பை பாட்டரி மைனஸில் மாட்டி ஃபேனுக்கு வருகிற வயரைத் தொட்டால் பல்பு பளிச்சென்று எரிகிறது. அதே கிளிப்பை எடுத்து ஃபேனின் எர்த் வயரில் மாட்டித் தொட்டால் செத்த மாதிரி இருக்கிறது. கரன்ட் வருகிறது, எர்த்துதான் இல்லை. அந்த எர்த் வயர் எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனால், ஹெட்லைட்டுக்குப் பின்னால் பாடியில் ஒரு பத்து எம்எம் போல்ட். அதன் அடியில் வயர் முனைக் கண்ணி பச்சை பூத்து, சுற்றிலும் துரு பொருக்குப் பொருக்காக எழும்பி நிற்கிறது. ஸ்பேனர் வைத்ததும் போல்ட் பாதித் திருப்பிலேயே கையோடு வந்துவிட்டது.

கடலோரத்து வண்டிக்கு இது விதி. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ராத்திரி வெளியே நிற்கிற வண்டியை விடியக்காலம் தடவிப் பாருங்கள், கையில் உப்பு பிசுபிசுக்கும். அந்த ஈரம் பெயின்ட் இல்லாத இடத்தைத் தேடிப் போய் உட்காரும், எர்த் பாயிண்டைவிட அதற்கு வாய்ப்பான இடம் வேறு எது?

பாடியை உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும்வரை தேய்த்தோம். புதுக் கண்ணி, புது போல்ட், முறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் பூச்சு. வாசலினை முதலில் தடவி அப்புறம் முறுக்கக் கூடாது, கண்ணியும் இரும்பும் நேராகத் தொடணும். சுவிட்சைப் பழையபடி மாட்டி இன்ஜினை ஓடவிட்டோம். முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் போனது, டிக் என்று ஒரு சத்தம், ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. தம்பி முகத்தைப் பார்க்கணுமே! மொத்தச் செலவு ஒரு டீக்காசுகூட வராது.

11 ஜூன், புதன்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னவன் போனில் விடாமல் வாதாடுகிறான். நம்ம ஊர் சூட்டுக்கு அது எதுக்குண்ணே என்கிறான். ஊர்ச் சூட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இன்ஜின் ஒரு அளவுச் சூட்டுக்கு வந்தால்தான் பெட்ரோல் ஒழுங்காக எரியும், ஆயில் இளகி ஓடும். எப்போதும் குளிர்ந்தே ஓடுகிற இன்ஜினில் மைலேஜ் விழும், சிலிண்டர் தேயும். சந்தேகம் இருந்தால் கழற்றிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைக்கலாம். 82 என்றோ 88 என்றோ அதிலேயே பொறித்திருக்கும், தண்ணீர் கொதிக்கிறதுக்கு முன்னால் வாய் திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் மாற்று. அவ்வளவுதான் விஷயம்.

13 ஜூன், வெள்ளி

தம்பி போன் செய்தான். நெரிசலில் இப்போது பிரச்சினையே இல்லையாம், ஆனால் வீட்டு ஆட்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு குலசேகரம் பக்கம் ஏற்றத்தில் போகும்போது முள் கொஞ்சம் மேலே நகர்கிறதாம். ஃபேன் சரியான பிறகு அடியில் இருந்த இன்னொரு கோளாறு தலைகாட்டுகிறது, பழைய வண்டியில் இது சகஜம்.

"ரேடியேட்டர்ல எந்த வெள்ளம்டே ஊத்துத?"

"வீட்டுக் கெணத்து வெள்ளம்தாண்ணே."

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கிணறு! அந்த உப்பும் சுண்ணாம்பும் தண்ணீர் சூடாகும்போதெல்லாம் படிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை உள்ளேயிருந்து அடைத்துக்கொண்டே வரும். நேரில் வந்ததும் இன்ஜினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தை அங்கங்கே தொட்டுப் பார்த்தோம். மேலே சுடுகிறது, கீழே ஒரு மூலை ஏறக்குறையப் பச்சைத் தண்ணீர் மாதிரி. அந்த மூலையில் ஓட்டமே இல்லை.

14 ஜூன், சனி

நாகர்கோவிலில் ரேடியேட்டர் வேலை செய்கிற வயசான ஆசானிடம் போனோம். பழைய பித்தளை ரேடியேட்டர் என்பதால் பிழைத்தது. மேல் டாங்கியின் ஈயத்தைச் சூடுகாட்டிப் பிரித்து, தட்டையான கம்பியை ஒவ்வொரு குழாயாக இறக்கி இறக்கி எடுத்தார். கம்பியோடு வந்தது செங்கல் பொடி மாதிரிச் சகதி. "இதுக்குப் பொறவு கெணத்து வெள்ளம் ஊத்தினா எங்கிட்ட வராத, கேட்டியா" என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு அவர் காலைத் தொடலாம் போலிருந்தது. இந்த வேலை தெரிந்த கைகள் மாவட்டத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. பிளாஸ்டிக் டாங்கி வைத்த புது ரேடியேட்டரில் இதெல்லாம் முடியாது, தூக்கிப் போட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதான்.

திரும்பி வந்து கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கூலன்ட் கொதிநிலையை ஏற்றும் என்று எல்லாரும் சொல்வார்கள், நம்ம ஊர் வண்டிக்கு அதைவிடப் பெரிய உதவி உள்ளே துருப்பிடிக்காமல் பார்ப்பது. ஊற்றும்போது ஹீட்டரைத் திறந்து வைக்கணும், குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் செய்து, காற்று வெளியேற வெளியேற நிரப்பணும். உள்ளே காற்று நின்றால் புது ரேடியேட்டர் போட்டாலும் சூடேறும்.

22 ஜூன், ஞாயிறு

எல்லா வண்டியும் சேர்ந்து பேச்சிப்பாறை. எண்ணூறில் வேண்டுமென்றே நாலு பேரை ஏற்றினோம், தம்பிதான் ஓட்டினான், ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்திருப்பான். பாதியைவிட்டு அது நகரவில்லை. 1906-ல் கட்டி முடித்த அணை, அதன் பக்கத்தில் வண்டிகளை நிழலுக்கு விட்டு, கொண்டுபோன மரச்சீனிக் கிழங்கையும் மீன் கறியையும் காலி பண்ணினோம்.

பேச்சு பத்மினி பக்கம் திரும்பியது. உம்ம பியட்டு வெயில்ல நின்னா பெட்ரோல் பம்புக்கு ஈரத்துணி போர்த்தணுமே ஓய் என்று அம்பாசடர் அண்ணன் ஆரம்பித்தார். உண்மைதான், பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கிறது, சூட்டில் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிவிடும், துணி போட்டால் எடுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியமானது ரப்பர் பைப். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதற்குத் தாங்காது, ஊறி வெடிக்கும். கார்பரேட்டர் வண்டி வைத்திருக்கிற எல்லாரும் எத்தனாலுக்குத் தாங்குகிற பைப்பாகப் பார்த்து மாற்றுங்கள், தீ விஷயம், தள்ளிப்போட வேண்டாம்.

கிளம்பும்போது அண்ணன் பைய விஷயத்தைச் சொன்னார். பிரேக் பிடித்தால் அம்பாசடர் ஒரு பக்கம் இழுக்கிறதாம், வீல் சிலிண்டர் செட்டு முழுசாக வாங்கட்டுமா என்கிறார். எந்தப் பக்கம் இழுக்குது, முதல் மிதியிலா, சூடான பிறகா என்று கேட்டேன். முதல் மிதியில், இடது பக்கம். அப்படியென்றால் வலது பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை என்று வைத்து அங்கிருந்து ஆரம்பிக்கலாம். ஒன்றும் வாங்க வேண்டாம், செவ்வாய்க்கிழமை முன் வலது டிரம்மைக் கழற்றுகிறோம். ஜாக்கி ஸ்டாண்ட் ஜென்காரனிடம் இருக்கிறது, கொண்டுவரச் சொல்லியாச்சு.